மாஸ்டரின் வலது கை

"இந்தக் கண்ணாடியப் போட்டா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. யாருங்க இத டெஸ்ட் பண்ணது?"

மழையும் அந்தக் குரலும் ஒன்றாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. மூக்குக் கண்ணாடிக் கடையின் உள்ளறையில் எழுத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். நல்ல உயரம். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணாடியை ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து வந்தவர் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் டெஸ்ட் பண்ணேன். என்ன தெரியல?"

"எதுவுமே தெரியல."

"நான் தெரியறேனா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மங்கலா தெரியறீங்க."

"படிக்கற கண்ணாடில எட்ட இருக்கறவங்க மங்கலாத்தான் தெரிவாங்க. படிக்கத்தானே கேட்டீங்க?"

"படிக்கத்தான் கேட்டேன். புத்தகம்னு சொன்னேனா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். வருகிறவர்கள் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளும் அலுத்து விட்டுவிட்டாள். இப்படி ஒருவரும் வந்து சண்டைக்கு நின்றதில்லை.

"பின்ன எதப் படிக்கறீங்க? ஆகாயத்துல எழுதி வச்சிருக்காங்களா?"

லென்ஸ் வெட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வந்தவரின் வேகம் சட்டென்று இறங்கியது. குரலைத் தாழ்த்தி, செய்யக்கூடாத ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டவர் போல...

"கிட்டார் கத்துக்கறேங்க. நோட்ஸ் எதிர்ல ஸ்டாண்டுல இருக்கும். கைல புடிச்சுப் படிக்க முடியாதுல்ல... ரெண்டு கையும் கிட்டார்ல இருக்கே."

"இந்த வயசுலயா?"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் முகம் அப்படியே வாடிப்போயிற்று. ஐயோ, என்ன சொல்லிவிட்டோம்... அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சரி... நாளைக்கு அந்தக் கிட்டாரையும் ஸ்டாண்டையும் எடுத்துட்டு வாங்க," என்றாள், இன்னும் கோபமாக இருப்பது போலவே. "எப்படி உக்காந்து வாசிப்பீங்களோ அப்படியே உக்காந்து காட்டுங்க. அளந்து போட்டுத் தரேன்."

மறுநாள் மதியம் வந்தார். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருக்கிறாராம். முப்பது வருடமாக அடுத்தவர் வண்டி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். நாற்காலியின் நுனியில் அமர்ந்து, ஒரு சின்ன முக்காலியில் இடது காலை ஏற்றி, இடது தொடையில் கிட்டாரை நிறுத்தி, அதன் கழுத்தைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். ஏதோ குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்குகிறவர் மாதிரி. அவள் அளவுநாடாவை அவர் கண்ணிலிருந்து தாள் வரை இழுத்தாள். எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கைக்கருவியின் வெளிச்சத்தை அவர் கண்ணுக்குள் செலுத்தினாள். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்கள் பார்ப்பவள். வெளிச்சம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும்தான் கவனிப்பாள், கண்ணைக் கவனிக்கமாட்டாள். அன்று கவனித்துவிட்டாள். வெளிறிய பழுப்பு... வெகுநாள் மழையில் நனைந்த மரப்பலகை மாதிரி. ஓரங்களில் சிரித்துச் சிரித்து விழுந்த கோடுகள். ஆனால் உள்ளே யாரும் வந்து போகாத வீடு மாதிரி ஓர் அமைதி.

"என்ன டாக்டரம்மா... ஏதாவது கோளாறா?"

"ஆடாம இருங்க."

வெளிச்சம் எந்தப் பக்கம் ஓடியது என்பதையே மறந்துபோய், அவள் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

சோதனை பிரேமை மாட்டிக்கொண்டு அவர் வாசித்துப் பார்த்தார். பெருவிரல் தடித்த தந்தி ஒன்றைத் தட்டியது. அடுத்து மூன்று விரல்கள் மூன்று மெல்லிய தந்திகளில், ஒன்றன்பின் ஒன்றாக. பாட்டு என்று சொல்ல முடியாது. பாடம். நாலாவது வரியில் தடுக்கி விழுந்தார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி விழுந்தார். அவர் வெட்கப்படவே இல்லை. ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் அடுத்தவர் முன்னால் தப்பாக ஒன்றைச் செய்துவிட்டு, திரும்பச் செய்கிறார்...

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அந்த நாலு வரிதான் காதில்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதற்கு நேரம் வரவில்லை என்பது சரி. அம்மாவுக்கு பார்க்கின்சன். முதலில் கை நடுங்கியது, பிறகு நடை சுருங்கியது, கடைசியில் விழுங்குவதே வேலையாயிற்று. ஒன்பது வருடம். மாடி வீட்டில் தம்பி குடும்பம் இருந்தது, வந்து பார்ப்பார்கள், போவார்கள். அம்மா போய் பதினான்கு மாதம் ஆகியும், மாலை ஆறு மணி மாத்திரைக்கு அவள் கால்கள் தானாக வீட்டுக்கு ஓடின. வந்து கதவைத் திறந்தால் மாத்திரை கொடுக்க யாரும் இல்லை. கைப்பையைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் அப்படியே நிற்பாள்.

அடுத்த மாதம், அவர் போகும் கிட்டார் வகுப்பிலேயே அவளும் சேர்ந்துவிட்டாள்.

"எதுக்குக்கா இப்ப கிட்டாரு?" என்றான் தம்பி. "முட்டிக்குத் தைலம் தேச்சுக்கற வயசுல..."

"தேச்சுக்கிட்டே வாசிக்கறேன், போ."

லாண்டரிக் கடைக்கு மேலே ஓர் அறை. சொல்லிக்கொடுத்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். "ஆன்ட்டி, இடது கை நகம் ஒட்ட வெட்டணும். வலது கைல மட்டும் கொஞ்சமா வளர்த்துக்கோங்க," என்றாள். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது கீறிவிடும் என்று ஒன்பது வருடம் பத்து விரலிலும் நகமே வளர்க்காதவள், அந்த ஒரு வரியைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நைலான் தந்திதான், ஆனாலும் இடது கை விரல்நுனியெல்லாம் தீப்பட்டது போல எரிந்தது. அந்த எரிச்சலை அவள் யாருக்கும் தெரியாமல் ரசித்தாள்.

மாஸ்டர் படியேறி வந்தவர் அவளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"டாக்டரம்மா! நீங்களா? இந்த வயசுலயா?"

"ஏன், லைசென்ஸ் எடுக்கணுமா?"

"மொதல்ல எல் போர்டு மாட்டுங்க. எதிர்ல வர்றவங்களுக்கு ஆபத்து."

சிரித்தார்கள். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று இரண்டு பேருமே உள்ளுக்குள் எண்ணியிருப்பார்கள்.

சில மாதங்களில் டீச்சர் அவர்களுக்கு ஒரு ஜோடிப் பாடம் கொடுத்தாள். மேல் ஸ்வரம் அவளுக்கு, அடியில் நடக்கும் தடித்த ஸ்வரம் அவருக்கு. புதன், சனி சாயங்காலம். வெளியே மழை ஓயவே ஓயாத அந்த மாதங்களில், லாண்டரியின் சோப்பு வாசனை தரை வழியாக மேலே வர, இரண்டு பேரும் ஒரே ஸ்டாண்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் பறக்கறீங்க? கிளட்ச்ச மெதுவா விடுங்க," என்பார் அவர்.

"நீங்கதான் நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டீங்க. பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க பாருங்க."

"அங்கிள், ஆன்ட்டி... ப்ளீஸ்," என்பாள் டீச்சர்.

அவர் தனியாக இருந்தார். மனைவி பதினெட்டு வருடம் முன்பே பிரிந்து போய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாராம். "சண்டையெல்லாம் இல்லைங்க. நான் வீட்டுலயும் பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே இருந்தேன் போல," என்று ஒருநாள் படியிறங்கும்போது சொன்னார். அவள் தன் ஒன்பது வருடத்தைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாத சின்னச் சின்ன விஷயங்களைக்கூட... அம்மா ஸ்பூனைக் கடித்துக்கொண்டு விடாத காலைகளை, அப்போது ஒருமுறை அம்மாவிடம் கத்திவிட்டதை. அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவர் தோள் பாதி நனைந்துகொண்டே வந்தது.

அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று. பயமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது...

ஒரு புதன்கிழமை டீச்சர் அவள் கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சும்மா உட்கார்ந்திருந்தார். வலது கை தொடைமேல் கிடந்தது. பெருவிரல் மட்டும், ஆள்காட்டி விரல்மேல், எதையோ உருண்டை பிடிப்பது போல மெல்ல மெல்ல உரசிக்கொண்டிருந்தது.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்து அந்த விரலையே பார்த்தாள்.

அந்த அசைவை அவள் ஒன்பது வருடம் பார்த்திருக்கிறாள்.

ஒன்று தெரிந்ததும் மற்றவை தாமாக வந்து நின்றன. நடக்கும்போது அவர் இடது கை வீசும், வலது கை ஆணியில் மாட்டிய சட்டைக் கை மாதிரி தொங்கும். தாள் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புகள் வாரத்துக்கு வாரம் எறும்பு எறும்பாகச் சுருங்கி வந்தன. இரண்டு விரல் மாற்றி மாற்றி அடிக்கும் பாடத்தில் முதல் வரி ஒழுங்காக வரும், மூன்றாவது வரியில் விரல்கள் சிறுத்துச் சிறுத்து ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள்," என்பாள் டீச்சர். அவரும் வயதான விரல், வளையவில்லை என்றே நம்பினார்.

அவள் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. நான் டாக்டரா என்ன, என்று சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும்.

ஆனால் தினமும் யாரோ ஒரு பெண் பயந்துகொண்டே ஸ்டியரிங்கைப் பிடிக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்து, படிக்கட்டின் பாதியில் நிறுத்தினாள்.

"மாஸ்டர்... ஒரு நரம்பு டாக்டரப் போய்ப் பாருங்க."

"எதுக்கு?"

"உங்க வலது கை. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் இறுகியது.

"கண்ணு பாக்கறவங்க கண்ண மட்டும் பாத்தா போதாதா?"

"நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம். தப்பா இருக்கணும்னுதான் கும்பிடறேன். ஆனா போய்ப் பாருங்க. பக்கத்து சீட்ல நீங்க உக்காந்திருக்கீங்க..."

"முப்பது வருஷத்துல ஒரு கீறல் விழுந்ததில்ல, தெரியுமா?" குரல் உயர்ந்தது. லாண்டரிக்காரர் எட்டிப் பார்த்தார். "நான் நல்லா வாசிக்கலன்னா வாசிக்கலன்னு சொல்லுங்க. ஏத்துக்கறேன். வியாதிங்காதீங்க. ஒன்பது வருஷம் அதையே பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாரும் நோயாளியாத் தெரியறாங்க."

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவர் மழைக்குள் இறங்கி நடந்தார். இடது கை வீசிற்று. வலது கை தொங்கிற்று.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையோடு அழுகையாக, அடியில் எங்கோ, ஒரு மெல்லிய 'அப்பாடா'வும்... தப்பித்துவிட்டோம் என்று. அதைக் கேட்ட நொடியில் தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

அவள் முகத்தைப் பார்த்துத் தம்பி கேட்டான். சொன்னாள். கேலி செய்வான் என்று நினைத்தாள், அவன் செய்யவில்லை. சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"அம்மா போன அன்னிக்கு நீ அழலக்கா. தூங்கின. பதினாறு மணி நேரம் தூங்கின. செத்துகித்துப் போயிட்டியோன்னு நான் நடுநடுவுல வந்து மூக்குல விரல வச்சுப் பாத்தேன். அம்மாவ உன் தலைல கட்டிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா மறுபடியும் வேணாம். உன் கால்ல விழறேன்... வேணாம்க்கா."

தம்பிக்கு இத்தனை தெரிந்திருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால் மாஸ்டரைத் தேடிப் போகாமலே இருந்துவிட்டாள். ஐந்து வாரம்.

ஐந்தாவது வாரத்தில் சிக்னலில் டிரைவிங் ஸ்கூல் வண்டி நின்றது. பக்கத்து சீட்டில் வேறு யாரோ ஒருவர். அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்த ஆபீசுக்கே போய்விட்டாள்.

"மாஸ்டரா?" என்றார் மேஜையில் இருந்த பெண்மணி. "அவர் வேலைய விட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே. ஒரு திங்கக்கிழமை காலைல வந்தாரு. இனிமே நான் உக்காரக் கூடாதுன்னு சாவிய வச்சுட்டுப் போயிட்டாரு. எவ்வளவோ கேட்டோம், என்னன்னே சொல்லல."

எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டுக் கணக்குப் போட்டாள். படிக்கட்டில் சண்டை நடந்தது சனிக்கிழமை. அவர் சாவியை வைத்தது அடுத்த திங்கட்கிழமை. டாக்டர் சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அவள் வார்த்தையை நம்பித்தான்... அந்தப் பெண்மணி கொடுத்த விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அந்த ஆபீஸ் வாசலிலேயே நின்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அடைமழை. இரண்டாவது மாடி. கதவு பாதிதான் திறந்தது. மாஸ்டர் இளைத்திருந்தார். கன்னத்தில் சவரம் ஒரு பக்கம் திட்டுத்திட்டாக விட்டுப்போயிருந்தது. அவளைக் கண்டதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு," என்றார். "ஸ்கேன், அது இதுன்னு எல்லாம் பாத்தாச்சு. அதேதான்."

"மாத்திரை ஆரம்பிச்சாச்சா?"

"ம்."

"உள்ள வரலாமா?"

அவர் வழிவிட்டார். ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. கிட்டார் உறைக்குள் மூடிக் கிடந்தது. துவைத்த சட்டைகள் பொத்தான் போட்டபடியே மடித்துக் கிடந்தன, தலைவழியாக மாட்டிக்கொள்ள. அவளுக்கு அது ஏன் என்று தெரியும்.

"வகுப்புக்கு ஏன் வரல? வாசிக்கறது இதுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு."

"பின்ன?"

"நீங்க வருவீங்களே... அதான்."

"என்னப் பாக்கவே புடிக்கலையா?"

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். "புடிச்சுப் போச்சுங்க. அதான் கஷ்டமே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னிக்கு அப்படிப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க. ஒன்பது வருஷம் கழிச்சு இப்பதான் வெளிய வந்திருக்கீங்க. உங்களுக்குன்னு ஒண்ணத் தொட்டிருக்கீங்க. திரும்பவும் மாத்திரை, கட்டில், ஸ்பூன்னு இழுத்துவிட நான் அவ்வளவு கெட்டவன் இல்ல. நீங்க போயிடுங்க."

அவள் போகவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நானும் அதேதான் யோசிச்சேன். பொய் சொல்ல மாட்டேன். நீங்க வராதப்ப ஒரு நிமிஷம் நிம்மதியாக்கூட இருந்துச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம் புதன்கிழமை வந்துச்சு, சனிக்கிழமை வந்துச்சு. என் பங்கு எனக்கு நல்லாவே வந்துருச்சு, டீச்சர் பாராட்டறாங்க. ஆனா அடில ஒண்ணுமே இல்லாம மேல் ஸ்வரம் மட்டும்... கேக்கவே முடியல மாஸ்டர். யாரோ தனியாப் பேசிக்கற மாதிரி இருக்கு."

வெளியே மழை வலுத்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்கு என்னென்ன வரப் போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உங்கள விட நல்லாத் தெரியும். கொஞ்ச வருஷம் மாத்திரை கேக்கும். நல்ல நேரம், கெட்ட நேரம்னு மாறி மாறி வரும். அப்புறம் கெட்ட நேரம் ஜாஸ்தியாகும். சில பேருக்கு ரொம்ப மெதுவா. சில பேருக்கு இல்ல."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"தெரிஞ்சுதான் வந்தேன். அம்மாவ நான் பாத்துக்கிட்டேன். பாசமாத்தான் பாத்துக்கிட்டேன். ஆனா முடியுமா, வேணுமான்னு என்கிட்ட யாருமே கேக்கல. வேற ஆள் இல்ல, நான் இருந்தேன், அவ்வளவுதான். இங்க அப்படி இல்ல. போகாதன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் சொல்றீங்க. நானா விலாசம் கேட்டு, நானா மழைல நடந்து வந்திருக்கேன். என் வாழ்க்கைல நானா எடுத்த முடிவுன்னு ஒண்ணு ரெண்டுதான் இருக்கு... இதையும் வேணாம்னுடாதீங்க."

அவர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மனசு கலங்கினால் நடுக்கம் கூடும். வலது கை மடியில் துடித்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என் பொழப்பே எல்லாரையும் தனியா ஓட்டப் பழக்கி அனுப்பி வைக்கறதுதான்," என்றார், தரையைப் பார்த்தபடி. "கத்துக்கிட்டாப் போயிடுவாங்க. போகணும், அதுதான் கணக்கு. யாரையும் இருங்கன்னு சொல்லிப் பழக்கமே இல்ல. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க..."

"சொல்லிப் பாருங்க. தப்பா வந்தா திரும்பச் சொல்லலாம்."

அவர் நிமிர்ந்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"இருங்க," என்றார். பிறகு, மூச்சை இழுத்து விட்டு, இன்னொரு தடவை, "என்கூட இருங்க. எனக்கு உங்க மேல ரொம்ப ஆசையா இருக்கு. இந்த வயசுல, இந்தக் கைய வச்சுக்கிட்டு, சொல்லவே வெக்கமா இருக்கு... பயமாவும் இருக்கு. ஆனா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் அவள். "பயமும்... அந்த இன்னொண்ணும்."

கை நீட்டி, அவர் அழுத்திப் பிடித்திருந்த விரல்களை மெல்ல விலக்கி, வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கவில்லை. அது நிற்கும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.